தண்டம் கட்டியாச்சு, கடன் முடியேல்லை

எங்கட பைக்கில ஒட்டியிருந்த வருமான வரிப் பத்திரத்துக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் நிம்மதியா ஓடித் திரிஞ்சோம். இன்சூரன்ஸ் முடிஞ்சு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது எங்களில ஒருத்தருக்கும் தெரியாது.

நாங்கள் நாலு பேர். கொக்குவிலில ஒரே வீட்டில வாடகைக்கு இருந்து படிச்சோம். பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் குடுத்துக் கட்டுப்படியாகாமல், நாலு பேரும் காசு சேர்த்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினோம். வித்த அண்ணா வெளிநாடு போற அவசரத்தில இருந்தார். புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட படிவங்களையும் தந்திட்டு, "பிறகு ஆறுதலா பேர் மாத்துங்கோ தம்பியவை" எண்டார். 'ஓபன் பேப்பர்' எண்டு ஊரில எல்லாரும் சொல்லுறது இதைத்தான். நாங்கள் ஆறுதலா இருந்திட்டோம், பேர் மட்டும் மாறவே இல்லை. இன்சூரன்ஸும் அவரின்ர பேரிலதான் இருந்தது. 'உங்கள் காப்புறுதி முடிவடைகிறது' எண்டு கம்பனி அனுப்பின மெசேஜ் எங்கேயோ தூர தேசத்தில, பாவனையில இல்லாத ஒரு நம்பருக்குப் போயிருக்கும்.

விபத்து பெரிய ரோட்டில நடக்கேல்லை. ஒழுங்கை ஒண்டு வந்து ஏறுற இடத்தில, பின்னேரம் ஆறு மணி போல. சைக்கிளில வந்த ஐயா ஒருத்தர் திரும்பினார், நாங்கள் பிறேக் பிடிக்கப் பிந்திட்டோம். எங்களில ஆர் ஓட்டினது எண்டு இங்க எழுதப் போறதில்லை. அண்டைக்கு ஆரின்ர கையில திறப்பு இருந்திருந்தாலும் இதே கதைதான். 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்து ஐயாவை ஏத்திக்கொண்டு போச்சுது. கணுக்காலுக்கு மேல எலும்பு முறிஞ்சிருந்தது.

பொலிஸ் வந்தது. லைசென்ஸ் இருந்தது, ஹெல்மெட் இருந்தது. பொலிஸ்காரர் இன்சூரன்ஸ் கார்ட்டை வாங்கித் திகதியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "தம்பி, இது முடிஞ்சிட்டுதே?"

அதுக்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்லுது எண்டு தேடி வாசிச்சோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில 99ஆம் பிரிவு இருக்கு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ஒரு வாகனத்தைப் பாதையில பாவிக்கக் கூடாது எண்டு அது சொல்லுது. 'மூன்றாம் தரப்பு' எண்ட சொல்லை நாங்கள் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறோம். ஆரந்த மூன்றாம் ஆள் எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை. முதலாம் தரப்பு வாகனக்காரர். இரண்டாம் தரப்பு கம்பனி. மூன்றாம் தரப்பு, அண்டைக்குப் பின்னேரம் சைக்கிளில வந்த ஐயா.

சட்டம் கட்டாயப்படுத்துற காப்புறுதி எங்கட பைக்கின்ர உடைஞ்ச சிக்னல் லைட்டுக்கு இல்லை. எங்களால இன்னொருத்தருக்குக் காயமோ மரணமோ வந்தால், அந்த இன்னொருத்தருக்காகத்தான் அது. எங்கட வாகனத்துக்கும் சேர்த்து வேணுமெண்டால் முழுக் காப்புறுதி எடுக்கலாம். அது எங்கட விருப்பம். மூன்றாம் தரப்பு விருப்பம் இல்லை.

தண்டமும் சின்னத் தொகை இல்லை. ஹெல்மெட் போடாட்டித் துண்டு எழுதித் தருவினம், தபால் கந்தோரில கட்டிப்போட்டு வரலாம். இன்சூரன்ஸ் இல்லையெண்டால் அப்பிடி முடியாது. நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவேணும், தண்டம் குறைஞ்சது 25,000 ரூபா. 2016 கடைசியில, வரவு செலவுத் திட்டத்தில இந்த 25,000 கதை வந்த நேரம் தனியார் பஸ்காரர் பணிப்புறக்கணிப்புச் செய்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும். அப்ப நாங்கள் பள்ளிக்கூடம். பஸ் ஓடாததில எங்களுக்குச் சந்தோசம், அவ்வளவுதான்.

வழக்கு நாளில கோட்ஸ் வாசலில நிண்டபோதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைச்சது. அண்டைக்கு நாங்கள் கட்டின 25,000 ரூபாவில ஒரு சதம்கூட ஐயாவுக்குப் போகாது. அது அரசாங்கத்துக்கு. கவலையீனமா ஓட்டினதுக்கு வேறயா வந்த தண்டமும் அரசாங்கத்துக்குத்தான். சட்டத்துக்கு நாங்கள் குடுக்கவேண்டியதைக் குடுத்தாச்சு. கால் முறிஞ்ச ஆள் வீட்டில கிடக்கிறார்.

ஐயா மேசன் வேலை. ஒரு நாள் கூலி நாலாயிரம். அரசாங்க ஆஸ்பத்திரி எண்டதால வைத்தியச் செலவு இல்லை. ஆனால் மூண்டு மாசம் பலகையில ஏறி நிண்டு வேலை செய்ய ஏலாது. மாசத்தில இருபத்துமூண்டு நாள் வேலை எண்டு பார்த்தால்கூட 2,76,000 ரூபா. நாலு பெடியள் சேர்ந்து, வீட்டில ஏச்சு வாங்கி, ஒருத்தன் ஃபோனை வித்துக் குடுத்தது 90,000. மிச்சத்தை ஐயா கேக்கேல்லை. "படிக்கிற பிள்ளையள், விடுங்கோ" எண்டு அம்மாதான் சொன்னா. அந்தச் சொல்லு எங்களுக்கு எந்தத் தண்டத்தையும் விடப் பாரமா இருந்தது.

இன்சூரன்ஸ் இருந்திருந்தால் முழுக் காசும் வந்திருக்கும் எண்டு சத்தியம் பண்ண மாட்டோம். கம்பனிகள் லேசில குடுக்கிறதில்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஐயாவுக்குக் கேக்கிறதுக்கு ஒரு இடம் இருந்திருக்கும். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு, எங்கட காப்புறுதி இலக்கம் மூண்டையும் வைச்சுக் கோரிக்கை குடுத்திருக்கலாம். கதைச்சுச் சரிவராட்டி மாவட்ட நீதிமன்றத்தில நட்டஈட்டு வழக்குப் போட்டிருக்கலாம். வழக்கு எங்களுக்கு எதிராவும் போடலாம்தான். ஆனால் வாடகை வீட்டில இருக்கிற நாலு பேரிட்ட இருந்து தீர்ப்பு எதைப் பிடுங்கும்? இல்லாதவன் இடிச்சாலும் இடிபட்டவருக்கு ஏதாவது கிடைக்கவேணும் எண்டுதான் இந்தக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கி வைச்சிருக்கு.

இதைக் கதைச்சபோது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 25,000 எண்டது நாள்கூலிக்கு ஓட்டோ ஓடுற ஆளுக்கும் சொகுசுக் கார்காரருக்கும் ஒண்டுதானே, இது என்ன நியாயம் எண்டு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். கையில காசில்லாதவைதான் கட்ட மறக்கினம், பிந்தினம். பிடிபடுறதும் அவைதான் கூட. ஆனால் அண்டைக்கு ரோட்டில விழுந்ததும் வசதியான ஆள் இல்லை. தண்டம் பாரபட்சமா இருக்கலாம் எண்டுறது வேற கதை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடலாம் எண்டுறது வேற கதை. இரண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பி நாங்கள் தப்பேலாது. இன்னொரு உண்மையும் இருக்கு. எங்கட பைக்குக்கு ஒரு வருசத்துக்கு மூவாயிரம் ரூபாகூட வராது. நாலு பேர் கொத்துச் சாப்பிட்டு வர அதைவிடக் கூட முடியும்.

இப்ப என்ன செய்யிறோம் எண்டும் சொல்லிவிடுறோம். பைக்கை எங்கட பேருக்கு மாத்தியாச்சு. நம்பர் எங்கட நம்பர். இன்சூரன்ஸ் கார்ட்டின்ர படம் நாலு ஃபோனிலயும் இருக்கு, முடியிற திகதி குசினிச் சுவரில இருக்கு. வரிப் பத்திரம் எடுக்கிற நாளில இன்சூரன்ஸ் செல்லுபடியா இருந்தால் போதும், அது இடையில முடியலாம். வரிப் பத்திரத்தின்ர திகதியை மட்டும் பார்த்து ஓடுற ஆக்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறோம். லைசென்ஸ் இல்லாத சினேகிதனுக்குத் திறப்புக் குடுக்கிறதையும் நிப்பாட்டிட்டோம். இன்சூரன்ஸ் இருந்தாலும் அந்த இடத்தில கம்பனி கையை விரிக்கலாம்.

போன மாசம் ஐயாவைப் பார்க்கப் போனோம். கொஞ்சம் கெந்தித்தான் நடக்கிறார், ஆனால் வேலைக்குப் போறார். தேத்தண்ணி வந்தது. ஆறுதலாக் கதைச்சுக்கொண்டிருந்தவர் திடீரெண்டு, "தம்பியவை, இன்சூரன்ஸ் கட்டியாச்சோ?" எண்டு கேட்டார். ஃபோனில படத்தைக் காட்டினோம். தூரப் பிடிச்சு வடிவாப் பார்த்தார். பிறகு உள்ள போய், மகன் புதுசா வாங்கின பழைய பைக்கின்ர கடதாசிகளை ஒரு ஷொப்பிங் பையோட கொண்டுவந்து எங்கட மடியில வைச்சார்.

"இதையும் ஒருக்காப் பாருங்கோ. எனக்கு உந்தத் திகதியள் விளங்காது."

பார்த்தோம். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.