நுனியிழை முடிச்சு

தூண்டில் முடிச்சைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவதா என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். புணர்ச்சி விதிகளைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருபவனுக்கு, இரண்டை ஒன்றாக்கும் எந்தக் கலையும் அயலானதன்று. நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில்தான் தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழ்கின்றன. இழைகளும் அவ்வாறே. நடுவில் அறுந்த இழையைவிட, சேர்த்த இடத்தில் அறுந்த இழையையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டப்புறத்தில் தூண்டில் என்றால் மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, ஒரு முள், ஒரு மண்புழு. நரம்பை இழுத்துச் செல்லும் எடை ஈயக்குண்டிலோ இரையிலோ இருக்கும். ஆங்கிலேயர் ஃபிளை ஃபிஷிங் என்பதும் நான் ஈத்தூண்டில் என எழுதுவதும் அப்படிப்பட்டதன்று. இறகும் மயிரும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சிக்குச் சொல்லத்தக்க எடை கிடையாது. நெகிழிப் பூச்சிட்ட தடித்த கயிற்றையே எறிகிறோம். பூச்சி அதன் பின்னே போகிறது. தடித்த கயிறு தலைமேல் விழுந்தால் எந்த மீனும் நில்லாது. ஆகவே கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவில், அடி தடித்தும் நுனி மெலிந்தும் உள்ள ஏறத்தாழ ஒன்பதடி இழை ஒன்று வேண்டும். அதற்கு லீடர் என்று பெயர். முன்னிழை என்று கொள்வோம். அதன் முனையில் கட்டப்படும் இரண்டடி, மூன்றடி மெல்லிழைதான் டிப்பெட், அதாவது நுனியிழை.

பூச்சியை மாற்றும் ஒவ்வொரு முறையும் நுனியிழை நான்கைந்து அங்குலம் குறைந்துவிடும். நுனியிழை இல்லாமல் முன்னிழையிலேயே கட்டிக்கொண்டிருந்தால், விலை கூடிய முன்னிழை ஒரே வாரத்தில் மொட்டையாகிவிடும். எனவே இவ்விரண்டையும் அடிக்கடி இணைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் வீட்டு மேசையில் அன்று. முழங்காலளவு நீரில், கொசு கடிக்க, கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

இழையின் பருமனை எக்ஸ் என்ற குறியால் அளக்கிறார்கள். 0 எக்ஸ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு. எக்ஸ் ஒன்று கூடினால் பருமன் ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். எனவே 5 எக்ஸ் இழை 6 பங்கு, மில்லிமீட்டரில் சொன்னால் 0.15. எண் ஏற ஏற இழை மெலியும் இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. நைலானுக்கு முன் இவ்விழைகள் பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியை நீட்டி இழுத்துச் செய்யப்பட்டன. அவ்விழையைச் சிறு துளைகளின் வழியே உருவி மெலிய வைப்பார்கள். எத்தனை முறை உருவினார்களோ அத்தனை எக்ஸ். 1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. அதன்பின் பட்டுப்புழு ஓய்ந்தது, குறி மட்டும் நின்றுவிட்டது. காரணப்பெயர் இடுகுறிபோல் ஆகிவிடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு வகுப்பில் கிடைத்ததில்லை.

ரெம்பாவில் இதற்கெல்லாம் நீர் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. குனோங் டத்தோ மலையடிவாரத்துச் சிற்றோடைகளும் ரெம்பாவ் ஆறும் போதும். லம்பாம், செபாராவ், வாய்க்கால்களில் நம் விரால். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பது விரால்தான். இன்னும் கீழே போனால் லிங்கி ஆறு. அங்கே ஊடாங் காலாவுக்குப் பேர்போன நீர்தான். ஆனால் முதலையும் உண்டு. ஆதலால் இடுப்பளவு நீரில் இறங்கி நின்று எறியும் ஆங்கிலேயப் படங்களைப் பார்த்து யாரும் அங்கே இறங்கிவிட வேண்டா.

இக்கலை தமிழருக்கு முற்றிலும் புதிதுமன்று. அருகில் நின்று பார்த்தவர்கள்தாம் நாம். 1873இல் மங்களூரில் அச்சேறிய 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் மீன்களுக்காக 1907இல் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். கோல் துரையின் கையில் இருந்தது. கூடையைச் சுமந்த கை யாருடையது என்று நூல்கள் விரிவாகச் சொல்வதில்லை.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். காலையில் மங்குகளைத் துடைத்து வைத்துப் பால் எடுத்து முடித்தால், மாலையில் லயத்துக்குப் பின்னாலுள்ள ஓடையில் தூண்டில் போடுவார். நரம்பு அறுந்தால் புதிது வாங்கும் வழக்கமில்லை. இரு துண்டுகளின் நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணியிட்டு, இரண்டையும் ஒருமுறை உள்ளே நுழைத்து இழுத்துவிடுவார். அது நிற்கும்; சிறிய மீனுக்கு நிற்கும். பின்னாளில் சர்ஜன்ஸ் நாட் என்ற முடிச்சைக் கற்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா ஒருமுறை நுழைத்ததை இவர்கள் இருமுறை நுழைக்கிறார்கள், அவ்வளவுதான். மும்முறை நுழைத்தால் இன்னும் உறுதி. ஆயினும் அந்த இரண்டாம் நுழைவில் இருக்கிறது வேறுபாடெல்லாம். ஒருமுறை சுற்றிய இழை தன்மேலேயே கூர்மையாக மடிந்து தன்னையே வெட்டிக்கொள்ளும். மேலும் சுற்றச் சுற்ற அழுத்தம் பரவும்.

இந்த முடிச்சை நான் மருத்துவர் முடிச்சு என்கிறேன். முன்னிழையின் முனையையும் நுனியிழையையும் அரையடி அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கண்ணியாக வளைத்து, இரண்டையும் இருமுறை கண்ணிக்குள் நுழைக்க வேண்டும். நுனியிழை முழுவதும் கண்ணியைக் கடந்து வரவேண்டும் என்பதால் பூச்சியைப் பிறகுதான் கட்ட இயலும். நான்கு முனைகளையும் ஒருசேரப் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். பருமன் வேறுபட்ட இழைகளையும் இது பொறுத்துக்கொள்ளும். குறை ஒன்று உண்டு: முடிச்சு சற்றே பருத்திருக்கும், இழை அங்கே சிறிது கோணும்.

இழை நேர்க்கோடாக நிற்க வேண்டுமானால் பிளட் நாட். சிலர் பீப்பாய் முடிச்சு என்பார்கள். வடிவம் அப்படித்தான் இருக்கிறது. இரு முனைகளையும் எதிரெதிராக வைத்து, ஒன்றை மற்றதன்மேல் ஐந்து சுற்று, மற்றதை எதிர்ப்புறம் ஐந்து சுற்று; பிறகு இரு நுனிகளையும் நடுவிலுள்ள இடைவெளியில் எதிரெதிர்த் திசையில் நுழைத்து இழுப்பது. மிக அழகான முடிச்சு. ஆனால் பருமன் மிகவும் வேறுபட்டால் பிடிக்காது; இரண்டு எக்ஸ் வேறுபாட்டுக்கு மேல் நான் துணிவதில்லை. இயல்பு புணர்ச்சி போல, ஒத்தவற்றைத்தான் இது சேர்க்கும்.

பள்ளிச் சாரணர்களுக்குக் கற்பிக்கும் பூகு சிலா முடிச்சு கயிற்றுக்கு நன்று. நைலான் இழையில் வழுக்கிவிடும். அதைச் சில மாணவர்கள் நம்புவதில்லை. செய்து பார்க்கச் சொன்னால் நம்புகிறார்கள்.

எந்த முடிச்சாயினும் இறுக்குவதற்கு முன் நனைக்க வேண்டும். என் அம்மா பூத்தொடுக்கும்போது வாழைநாரை நீரில் ஊறவைப்பார். காய்ந்த நார் ஒடியும். பழைய பட்டுப்புழு இழையையும் அதற்காகவே ஊறவைத்தார்கள். நைலானுக்குக் காரணம் வேறு. அது காய்ந்தாலும் ஒடியாது. ஆனால் இறுக்கும்போது இழையோடு இழை உரசிப் பிறக்கும் சூடு அதைக் கெடுத்துவிடும். எச்சில் அந்த உராய்வைக் குறைக்கிறது. 1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் கொண்டுவந்த ஃபுளூரோகார்பன் இழை இன்னும் விறைப்பானது. நீரில் நைலானைவிடத் தெளிவற்று மறைவது, விரைவில் மூழ்குவது, ஈரம் உறிஞ்சாதது. அதை மெதுவாக இறுக்காவிட்டால் முடிச்சு படியாது.

எது சிறந்தது என்ற வாதத்தை என் பழைய மாணவர் ஒருவரோடு பல மாதங்கள் நடத்தினேன். செம்போங்கில் தொழிற்சாலையில் வேலை செய்பவர். விடுமுறை நாளில் என்னோடு ஆற்றுக்கு வருவார். இருவருமாக ஒரு வில்தராசில் முடிச்சுகளை மாட்டி இழுத்துப் பார்த்தோம். முடிவு எங்கள் இருவரின் தன்மானத்துக்கும் உதவவில்லை. பொறுமையாகக் கட்டிய எம்முடிச்சும் அவசரமாகக் கட்டிய எம்முடிச்சையும் வென்றது.

வாதம் வேறு இடத்தில் முடிந்தது. மலையடிவார ஓடை ஒன்றில் மூங்கில் வேரில் ஒரு லம்பாம் சிக்கிக் கிடந்தது. வாயில் முள், முள்ளிலிருந்து இரண்டடிக்கு மேல் நுனியிழை, அதன் மறுமுனை வேரைச் சுற்றியிருந்தது. யாரிடமிருந்து தப்பிய மீனோ தெரியாது. மாணவர் இழையை வெட்டி மீனை நீரில் பிடித்தார். அது கொஞ்ச நேரம் அவர் கையிலேயே நின்றது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. அவர் விடவில்லை, வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் பிழைக்கவில்லை. கையிலிருந்த இழையின் மறுமுனையைப் பார்த்தோம். சுருண்டு பன்றிவால் போலிருந்தது. முடிச்சு அறுந்ததன்று, வழுக்கி அவிழ்ந்தது.

முள்ளோடு மட்டும் தப்பும் மீன் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு, அதிலும் முள்ளின் எதிர்க்கொக்கியை நசுக்கியிருந்தால். இழையை இழுத்துக்கொண்டு போகும் மீன் எங்கேனும் கட்டுண்டுவிடும். ஆதலால் அறுந்தே தீருமென்றால் பூச்சியின் கண்ணருகே அறுபட வேண்டும். முன்னிழையும் நுனியிழையும் சேருமிடம் அதைவிட உறுதியாய் நிற்க வேண்டும். முடிச்சைத் தேர்வது என்பது, எங்கே அறுபட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. மீனைப் பிடிப்பதற்கான முடிச்சு என்றே அதுவரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அதன்பின் மாணவர் டிப்பெட் ரிங் என்னும் சிறு உலோக வளையத்துக்கு மாறினார். முன்னிழையை ஒருபுறமும் நுனியிழையை மறுபுறமும் தனித்தனியே கட்டினால் போதும், முன்னிழை குறைவதுமில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு மில்லிமீட்டர் வளையத்தை நீரில் நின்று பிடிக்க அவர் விரல்கள் வேண்டும். எனக்கு வெள்ளெழுத்து வந்து சில ஆண்டுகளாகின்றன. மாலை ஆறரைக்கு மேல் 5 எக்ஸ் இழை எனக்குக் கேள்விப்பட்ட பொருள். கண்ணியோடு கண்ணி மாட்டும் முறையும் உண்டு. இரு கண்ணிகளும் பூகு சிலாவைப்போல் ஒன்றையொன்று தழுவி அமர வேண்டும், ஒன்று மற்றதன் கழுத்தை நெரித்தால் அங்கேயே வெட்டிவிடும். மெல்லிய இழைக்கு அது பருமன் என்பது என் கருத்து.

ஆகவே வீட்டில், விளக்கடியில், முன்னிழையின் தடித்த பகுதிகளைப் பிளட் நாட்டால் இணைத்து வைத்துக்கொள்கிறேன். ஆற்றில் மருத்துவர் முடிச்சு, மும்முறை நுழைத்தது. அது விரல் நுனிக்கே தெரியும், கண் தேவையில்லை. கட்டியபின் கையில் சுற்றி ஒருமுறை வலுவாக இழுத்துப் பார்ப்பேன். வழுக்கினால் வெட்டிவிட்டு மறுபடியும். வெட்டிய துண்டுகள் எல்லாம் சட்டைப்பைக்குப் போகும். மீன்கொத்தியும் கொக்கும் அவற்றில் காலைச் சிக்கவைத்துக்கொள்ளும். சட்டையைத் துவைக்கும் முன் அவற்றை எடுக்கும் வேலை மட்டும் வீட்டில் இன்னும் தீராத வழக்காக இருக்கிறது.