பார் தேறுமட்டும்

முத்தைப் பற்றிப் பேசாமல் தூத்துக்குடியில் தமிழ் கற்பிக்க இயலாது. பாடத்தில் கொற்கை என்ற பெயர் வந்ததும் மாணவர் முகங்களில் ஓர் உரிமைப் பெருமிதம் படர்வதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். ஆயினும் முத்து விளையும் சிப்பி எதை உண்டு வாழ்கிறது என்று நான் எண்ணிப் பார்த்தது அண்மையில்தான். அந்த எண்ணத்தை எனக்குத் தந்தது இலக்கியமன்று. எண்பது லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டி.

பணிமாற்றலில் ஊரை விட்டுச் சென்ற நண்பரொருவர் தம் கடல்நீர்த் தொட்டியை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். அதில் ஒரேயொரு மாண்டரின் மீன். விரல் நீளம், நீலமும் செம்மஞ்சளும் குழைத்துத் தீட்டியது போன்ற உடல். நம் கடலுக்குரியதன்று, மேற்குப் பசிபிக்கின் பவளப் பாறைகளில் வாழ்வது. குருணைத் தீனியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. பகல் முழுதும் கற்களைக் கொத்திக்கொண்டே இருந்தது. நாளுக்கு நாள் வயிறு ஒட்டியது. "வீடு தேடி வந்த சீவன இப்படிப் பட்டினி போடலாமா?" என்றார் அம்மா.

அது தேடியது கோபிபாட் எனப்படும் நுண்ணுயிரிகளை. இறால், நண்டு இனத்தின் தூரத்து உறவு இவை. கிரேக்க மொழியில் இப்பெயருக்குத் 'துடுப்புக்கால்' என்று பொருள். நன்கு வளர்ந்தவையே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். முட்டையிலிருந்து வெளிவருபவை பலமுறை சட்டையுரித்து வளர்கின்றன. கடலில் பாசியின் உயிராற்றலை மீன் குஞ்சுகளின் வாய்வரை கொண்டு சேர்ப்பவற்றுள் இவை முதன்மையானவை.

மீன்வளம் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர் ஒரு குடுவையில் தாய்க்கூட்டத்தைக் கொண்டுவந்தார். நீந்தித் திரியும் வகையன்று. கல்லிலும் கண்ணாடியிலும் ஊர்ந்து வாழும் ஹார்பாக்டிகாய்டு வகை. அவர் சொன்னது நினைவில் நிற்கிறது: "மீனுக்குத் தீனி போடுறதா நினைக்காதீங்க சார். ஒரு ஊரைக் குடியமர்த்துறதா நினைங்க."

குடியமர்த்தினோம். வெள்ளை வாளிகள் இரண்டில் கடல்நீர்; பெரிய குமிழிகளாக மெல்லக் காற்று; நானோகுளோராப்சிஸ் என்னும் நுண்பாசி கலந்த வெளிர்பச்சை நீர். பச்சை மங்கினால் மட்டுமே மறுபடி பாசி ஊற்ற வேண்டும். மிகுதியாக ஊற்றினால் அது அழுகி அம்மோனியா ஏறும். ஓரிரவில் ஊரே அழியும். நம்மூர் வெயிலில் நீர் ஆவியாகும், உப்போ அங்கேயே தங்கும். உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே நாள்தோறும் குறைந்த அளவுக்கு நன்னீர் மட்டுமே சேர்த்து, உப்பளவை ஆயிரத்துக்கு 35 என்ற கணக்கில் வைத்தோம்.

தொட்டிக்குள்ளும் ஒரு மூலையில் உடைந்த பவளக் கற்களைக் குவித்தோம். மீனின் வாய் நுழையாத இடுக்குகள் அவற்றுக்குப் புகலிடம். மூன்று வாரங்களுக்குப் பின் ஓர் இரவு கைவிளக்கை வாளியின் மீது சாய்த்துப் பிடித்தேன். சுவரெங்கும் வெண்புள்ளிகள் ஊர்ந்தன. அதன்பின் மெல்லிய பட்டுத்துணியில் வடிகட்டி, வாரத்திற்கு ஒருமுறை கால் பங்கு மட்டும் தொட்டிக்கு மாற்றினோம். மீனின் வயிறு சற்றே நிமிர்ந்தது.

ஆனால் கணக்கு உதைத்தது. இரவில் தொட்டிச் சுவரில் எண்ணக் கூடியனவாக இருந்த புள்ளிகள் பின்னர் அறவே இல்லாமலாயின. அவை முட்டையிலிருந்து வளர்ந்து இனம் பெருக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். மீனோ விடிந்தது முதல் அடையும்வரை உண்கிறது. கால் பங்கை அரைப் பங்காக்கினால் மீன் இன்னும் சில வாரம் செழிக்கும், வாளிகள் வெறுமையாகும், பிறகு மீனும் இராது.

இந்தக் கணக்கு இக்கடலுக்குப் பழையது. சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பது நம் வழக்கு. அரசு அதிகாரிகள் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பி எடுத்து முத்தை மதிப்பிட்டு, விளைந்திருந்தால் மட்டுமே குளிப்புக்குத் திறந்தார்கள். அவ்வளவு எச்சரிக்கைக்கும் அடங்காமல் பார்கள் பொய்த்தன. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் குளிப்பே நடக்கவில்லை. காரணம் அறிய 1902இல் வந்த ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர் சிப்பியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. அவர் திரட்டிய கோபிபாட்களைப் பற்றி மட்டுமே தனி அறிக்கை ஒன்று 1903இல் வெளியாயிற்று. முத்தைத் தேடி வந்தவர் முத்தைச் சூழ்ந்த உயிர்களையெல்லாம் எண்ணத் தொடங்கினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது, அதன்பின் இல்லை. அந்தக் கடைசி ஆண்டில் அம்மாவுக்கு ஒன்பது வயது. அவருக்கு நினைவிருப்பது முத்தன்று, கரையில் அழுகிய சிப்பியின் நாற்றம். பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே 1973இல் வளர்ப்பு முத்தையும், 1981இல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளையும் உருவாக்கினர். அதற்கும் நுண்பாசியை வளர்க்கவேண்டியிருந்தது. பச்சை நீர் இன்றேல் சிப்பியில்லை. சிப்பி இன்றேல் கொற்கையுமில்லை.

நாகர்கோவிலில் ஒருவரிடம், எங்களுடையதைப் போலப் பத்து மடங்கு பெரிய, ஆண்டுகள் பல கண்ட தொட்டி இருந்தது. மீனை அங்கே அனுப்பினோம். பிரிய மனமில்லைதான். எனினும், என் மேசையருகே மெல்ல மெலிவதைவிட எங்கோ வயிறார மேய்வது மேல்.

எங்கள் தொட்டியில் இப்போது மீனில்லை. வருகிறவர்கள், "வெறுந் தண்ணிக்கு எதுக்கு விளக்கு?" என்று கேட்கிறார்கள். கைவிளக்கைக் காட்டினால் சிலர் குனிந்து பார்க்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டு காபியைக் கேட்கிறார்கள். இந்த நீருக்கு ஏற்ற சிறு மீனாக வேறொன்று வாங்கலாமா என்று சென்ற மாதம் பேச்சு வந்தது. அம்மா தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "பாரு தேறட்டும். பொறவு பாக்கலாம்."