பட்டாணிச் சுண்டல்

பழைய மாணவன் என்ற முறையில் நம் கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு மலராசிரியர் கேட்டபொழுது, கனமான பொருளொன்றைப் பற்றி எழுதுவதே முறையென எண்ணினேன். ஆயினும் பேனாவை எடுத்த மாத்திரத்தில், சென்ற சித்திரை மாதத்தில் என் வீட்டு அடுப்பங்கரையில் நிகழ்ந்ததொன்றே முன்வந்து வழிமறிக்கின்றது. அது சுண்டலைப் பற்றியது. நகைப்போர் நகைக்க.

என் தந்தையாருக்கு வயது எண்பத்தெட்டு. பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்துக்கு அப்பால் மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டினின்று அவர் கீழே இறங்கி ஆண்டுகள் இரண்டாயின. பசியும் குன்றிவிட்டது. என் மனைவி எதைச் சமைத்து வைத்தாலும், "நன்றாயிருக்கிறது அம்மா" என்று சொல்லி இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார். அத்தகையவர் ஒரு மாலையில் சாளரத்தண்டை அமர்ந்திருந்தபடியே, "தம்பி, பீச்சுச் சுண்டல் இப்பொழுதும் விற்கிறார்களா?" என்று கேட்டார். அவர் வாய்திறந்து ஒன்றை வேண்டியது நெடுங்காலத்திற்குப் பின் அன்றுதான்.

அக்கேள்வி எங்கிருந்து வந்ததென்பது எனக்குத் தெரியும். 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். சனிக்கிழமை மாலைதோறும் அப்பா எங்கள் நால்வரையும் மெரினாவுக்கு நடத்தி அழைத்துச் செல்வார். கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அக்கடற்கரைச் சாலையை அமைத்துப் பெயரும் சூட்டினார் என்பதையும், உழைப்பாளர் சிலை 1959-இல் நிறுவப்பட்டதென்பதையும் போகும் வழியிலேயே ஒப்பிக்கச் செய்வார். பின்னர் மணலில் அமர்ந்து ஒரே ஒரு பொட்டலம் சுண்டல் வாங்குவார். அவர் சம்பளத்தில் இரண்டாம் பொட்டலத்துக்கு இடமில்லை. பொட்டலம் மடித்த தாள் எந்தப் பள்ளியின் விடைத்தாளாகவேனும் இருந்துவிட்டால், எங்களை மறந்து அதன் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பார். கூட்டல் தவறியிருந்தால் அன்றிரவு வரை வருந்துவார்.

பங்கிடும் பொறுப்பு மூத்தவனாகிய என்னுடையது. பட்டாணியை எண்ணியே பங்கிடுவேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மாங்காய்த் துண்டுகள் ஐந்தாறுதான் இருக்கும். தம்பியர் இருவரும் விழிப்பானவர்கள். கடைக்குட்டியான தங்கையோ அலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பங்கு மாங்காயைக் கட்டைவிரலடியில் மறைத்து என் வாயிலிட்டுக்கொள்வேன். வாரந்தோறும் இவ்வாறு செய்தேன். 1975-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவள் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்தாள். அதன்பின் அப்பா எங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆதலால் மறுநாளே மெரினா சென்று சுண்டல் வாங்கிவந்தேன். இரயிலிலும் ஆட்டோவிலும் பயணம் செய்து ஆறிப்போன அது, அப்பாவின் எஞ்சிய பற்களுக்கு வசப்படவில்லை. ஒரு பட்டாணியை வாயில் வைத்து வெகுநேரம் உருட்டினார். "பரவாயில்லை, ஆசை தீர்ந்தது" என்றார். தீரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீட்டிலேயே செய்துவிடுவதென்று துணிந்தேன். "நான் செய்கிறேனே" என்ற மனைவியைத் தடுத்து, இது என் கடன் என்றேன். என்ன கடன் என்று அவள் கேட்கவில்லை.

அரைக்கிலோ வெள்ளைப் பட்டாணி வாங்கினேன். நம் கடற்கரையில் விலைபோகும் இப்பட்டாணியில் பெரும்பங்கு அண்மை ஆண்டுகளில் கனடா முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்ததாகும். 2017-இல் இந்திய அரசாங்கம் அதன்மீது நூற்றுக்கு ஐம்பது வீதம் வரி விதித்ததும் உண்டு. கடல் கடந்து வந்ததாலோ என்னவோ, என்னிடம் அது சற்றும் இளகவில்லை. இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் உப்பும் மாங்காயும் சேர்த்துக் குக்கரில் ஏற்றி எட்டு விசில் வரை விட்டேன். திறந்து பார்த்தால் கூழாங்கற்கள். மறுமுறை, யாரோ சொன்னாரென்று ஆப்பச் சோடாவைத் தாராளமாக இட்டேன். பட்டாணி கரைந்து கூழாகிச் சவர்க்கார நெடி வீசியது. அப்பா அதையும் "நன்றாயிருக்கிறது" என்றார்.

வேறு வழியின்றி மீண்டும் கடற்கரைக்குப் போய், தூக்கும் கையுமாக நின்ற ஒரு வயதான அம்மையாரிடம் என் தோல்வியைச் சொன்னேன்.

"தொழிலுக்குப் போட்டியா சார்?" என்று சிரித்தார் அவர்.

"இல்லை அம்மா, என் அப்பாவுக்காக."

சிரிப்பு நின்றது. "தண்ணீர் எது? குழாய்த் தண்ணீரா, போர்த் தண்ணீரா?"

"போர்த் தண்ணீர்தான்."

"மாங்காயை எப்பொழுது போட்டீர்கள்?"

"பட்டாணியோடு சேர்த்தே போட்டேன்."

"புளிப்புப் பட்டால் வேகுமா சார்? படித்தவர்போல் இருக்கிறீர்கள்!"

இங்கே நான் வெட்கத்தோடு சொல்லவேண்டியது ஒன்றுண்டு. நம் கல்லூரியில் மூன்றாண்டு இரசாயன சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றவன் யான். கடின நீரைப் பற்றிய வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியவன். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியம், பட்டாணியின் அணுவறைகளை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். புளிப்பும் அப்பசை கரைவதைத் தடுக்கும். சோடாவின் காரமோ அதை விரைந்து கரைக்கும். அளவு மீறினால் உருவே மிஞ்சாது. இவ்வளவும் அறிந்திருந்தும் அடுப்பின் முன் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த அம்மையார் இரண்டே கேள்விகளில் பாடத்தை முடித்துவிட்டார். நான்கு பொட்டலங்கள் வாங்கிக்கொண்டேன். மீதிச் சில்லறையை அவர் எண்ணித்தான் கொடுத்தார்.

மூன்றாம் முறை கேனில் விற்கும் குடிநீரிலேயே பட்டாணியைப் பத்து மணி நேரம் ஊறவைத்தேன். நீரை வடித்து, வேறு கேன் நீரூற்றி, இரண்டு விரல்களுக்குள் அடங்கும் சிட்டிகைச் சோடா மட்டும் இட்டு, குக்கரை ஒதுக்கித் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டேன். அருகிலேயே நின்று அவ்வப்போது ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். தோல் வெடித்தும் உருக்குலையாத பதத்தில் உப்பிட்டு இறக்கி வடித்தேன். கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் பட்டாணியைப் புரட்டினேன். தேங்காயைத் துருவிவிடலாமே என்றாள் மனைவி. துருவினால் அது வீட்டுச் சுண்டலாகிவிடும் என்று மறுத்து, காகிதம்போல் மெல்லியதாகக் கீறினேன். கிளிமூக்கு மாங்காயை மட்டும் அடுப்பை அணைத்த பின்னரே பொடிப்பொடியாக நறுக்கித் தூவினேன். பழைய செய்தித்தாளில் பொட்டலம் மடித்தேன்.

அப்பா பொட்டலத்தைப் பிரித்து முதலில் முகர்ந்தார். பிறகு ஒரு மணியை வாயிலிட்டார். அது நசுங்கியது. இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு வரை நான் எண்ணினேன், பின்பு எண்ணவில்லை. "தட்டு கொண்டுவா" என்றார். கொண்டுவந்தேன். நடுங்கும் விரல்களால் அதில் சுண்டலை நான்கு குவியலாகப் பிரித்தார். ஒரு தம்பி பெங்களூரில், மற்றவன் ஆஸ்திரேலியாவில். அது அவருக்குத் தெரியாததன்று.

பிரித்தபின், கடைசிக் குவியலிலிருந்த மாங்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கியதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"அவளே சொன்னாள். அண்ணனைக் கேட்கவேண்டாம் என்றும் சொன்னாள்" என்றார்.

பிறகு அந்தக் குவியலை அவரே உண்ணத் தொடங்கினார். நான் உள்ளே சென்று, வாணலியில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.