நான் அழித்த முடிவு

2012-ல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்னும் வீடியோ விளையாட்டு வெளிவந்தபோது அதன் முடிவைப் பார்த்து உலகம் முழுக்கப் பலர் கொதித்தார்கள். 2007-ல் தொடங்கிய கதை அது. முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினோம், யாரைச் சாகவிட்டோம் என்பதெல்லாம் ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் ஃபைலோடு அடுத்த பாகங்களுக்கும் கூடவே வரும். அப்படிச் சுமந்து வந்ததெல்லாம் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழிகளில் கரைந்துபோய்விட்டதே என்பதுதான் ஆத்திரம். சில மாதங்களில், முடிவை விரித்துச் சொல்லும் இணைப்பு ஒன்று இலவசமாக வந்தது. கோபப்பட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். நாம் செய்ததற்குத் தக்க முடிவுதான் வர வேண்டும் என்று நண்பர்களிடம் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன்.

பிறகு ‘விட்சர் 3’ விளையாடினேன். போலந்தில் உருவாகி 2015-ல் வந்தது. கெரால்ட் என்னும் பூத வேட்டைக்காரன், மகளாக வளர்த்த சிரியைத் தேடி அலைகிறான். நான்தான் கெரால்ட்.

வளர்த்த பெரியவர் வெசெமிர் இறந்த துக்கத்தில் சிரி சுருண்டு கிடந்தபோது, எல்லாவற்றிலும் நீ ஜெயிக்க வேண்டியதில்லை என்று ஆறுதல் சொன்னேன். மந்திரக்காரிகளின் சபையைப் பார்க்கப் போனபோது தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே போனேன். இன்னொரு சமயம், ஓர் ஆய்வகத்தை அடித்து நொறுக்கத் துடித்தவளை அடக்கினேன். தனக்கு உதவி, அதனாலேயே அவமானப்பட்டுச் செத்த இளைஞனின் கல்லறைக்குப் போகலாமா என்றாள். நேரமில்லை என்றேன். ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டில், நீங்கள் சொன்னதை இவர் நினைவில் வைத்துக்கொள்வார் என்று திரையின் மூலையில் எழுத்து வரும். இங்கே அப்படி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நான் யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன்.

கடைசியில், உலகையே உறையவைக்க வரும் குளிரைத் தடுக்க அவள் தனியே உள்ளே போகிறாள். போகும்போது சில காட்சிகள் அவள் நினைவில் வந்து போகின்றன. பெரிய போர்கள் எதுவும் இல்லை. நான் கூடவே போய் நின்றது. நான் அடக்கியது. நேரமில்லை என்று நான் சொன்னது. ஒவ்வொன்றும் எனக்கு அப்போது அக்கறையாகத்தான் தெரிந்தது. அவள் பார்வையில், இவளால் தனியாக எதையும் செய்ய முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அவள் திரும்பி வரவில்லை. கெரால்ட் சதுப்பு நிலத்தில் ஒரு குடிசைக்குள் வெசெமிரின் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெளியே பூதங்கள் சூழ்கின்றன.

இதைத்தானே நான் கேட்டேன்? செய்ததற்குத் தக்க முடிவு. ஆனால் அன்றிரவே இணையத்தில் வழிகாட்டியைத் தேடி எடுத்தேன். எங்கே எதைச் சொன்னால் சிரி பிழைப்பாள் என்று அதில் வரிசையாக இருந்தது. பழைய சேவுக்குத் திரும்பி, அதன்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த முறை துக்கத்திலிருந்தவளைப் பனிப்பந்து எறிந்து விளையாடக் கூப்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே எறிந்துகொண்டிருந்தபோது, அடுத்து எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரி பிழைத்தாள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. அதைச் சம்பாதித்தது வழிகாட்டியை எழுதியவர். புதிய சேவ் ஃபைலைப் பழையதன் மேலேயே பதிந்துவிட்டதால் முதல் ஆட்டமும் போய்விட்டது. உனக்கு எந்த முடிவு வந்தது என்று நண்பர்கள் கேட்டால், சிரி திரும்பி வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.