எந்தப் பக்கம் சார்?

நங்கநல்லூரில் வீடு பார்க்கப் போனேன். பழவந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மொட்டைமாடியில் நின்றால் பரங்கிமலை தெரிந்தது. 1931லிருந்து மின்ரயில் ஓடுகிற பீச்–தாம்பரம் பாதை. அதே பாதையில்தான் அப்பா கேங்மேனாக ஜல்லி இடித்தார்.

தரகர் பேங்க் லோனைப் பற்றிக் கேட்கவில்லை. "வெஜ்ஜுங்களா சார்?" என்றார். அப்புறம், "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்?" ஊரா சேரியா என்பதை இதைவிட நாசூக்காகக் கேட்க முடியாது. சொன்னேன். மறுநாள் போன்: "ஓனர் விக்கிற யோசனைய விட்டுட்டாரு சார்." மூணாவது வாரம் அந்த வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சினார்கள்.

1955ம் வருடக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ம் பிரிவு: தீண்டாமையின் பேரால் எந்த இடத்திலும் ஒருவர் வீடு வாங்குவதைத் தடுப்பது குற்றம். சரி, 'யோசனைய விட்டுட்டாரு' என்பதற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? பார்சிகள் மட்டுமே உறுப்பினர் என்ற அகமதாபாத் வீட்டுச் சங்கத்தின் விதியையும் 2005ல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது.

"ஏன்டா சொன்ன? செங்கல்பட்டுப் பக்கம்னு பொதுவா சொல்லி வுட்டிருக்கலாமில்ல" என்றார் அப்பா.

"வாங்கின பிறகு தெனமும் பொய் சொல்லணுமேப்பா."

பேசாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவில் ஒரு வீடு பார்க்கிறோம். அவரும் வருகிறார்.