கசாப்புக் கடைக்காரர் மகனுக்கு ஒரு குளோசப்

நாவல் எழுதுகிறவர்கள் வெளியே சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. எழுதும்போதே மனசுக்குள் படம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வசனத்தை இவர் பேசினால் எப்படி இருக்கும், அந்த ரோலுக்கு அவர் சரிப்படுவாரா... நீங்களும் லேசுப்பட்டவரில்லை. 2022-ல் மணிரத்னம் படம் வருகிறவரை, வந்தியத்தேவன் யார், நந்தினி யார் என்று வீட்டுக்கு வீடு நடிகர் தேர்வு நடத்தியவர்கள்தானே நாம்?

என் கேஸ் கொஞ்சம் சிக்கல். நான் எழுதுவது ரோமானியப் போர் நாவல். கி.மு. 216, ஆகஸ்ட் 2. தெற்கு இத்தாலியில் கன்னே என்ற இடம். கார்த்தேஜிலிருந்து வந்த ஹானிபலிடம் சுமார் 50,000 பேர். ரோம் பக்கம் 80,000-க்கு மேல். ஹானிபல் என்ன செய்தார்? தன் நடுவரிசையை மெல்லப் பின்வாங்கவிட்டார். ரோமானியர்கள் ஆவேசமாக உள்ளே வந்ததும் இரண்டு பக்கமும் நெருக்கி, பின்னாலிருந்து குதிரைப்படையை விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். செத்தவர்கள் சுமார் 48,000 என்கிறார் லிவி. பாலிபியஸ் கணக்கில் 70,000. ஒரே பகலில்!

மனசுக்குள் எடுக்கிற படத்தில் ஒரு சௌகரியம், இறந்துபோனவர்களையும் புக் பண்ணலாம். கால்ஷீட் தகராறு கிடையாது.

ஹானிபல் ரோலுக்கு ஏகப்பட்ட போட்டி. 1959-லேயே விக்டர் மெச்சூர் போட்ட வேஷம் அது. 2023-ல் டென்ஸல் வாஷிங்டன் நடிக்கப்போவதாக அறிவிப்பு வர, துனீசியாவில் எதிர்ப்புக் கிளம்பி விவகாரம் அந்த நாட்டு நாடாளுமன்றம்வரை போனது. எல்லாரும் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். கன்னேயில் ஹானிபலுக்கு வயது முப்பத்தொன்றுதான், டென்ஸல் எழுபதை நெருங்கியவர் என்பது எடுபடவே இல்லை. போதாக்குறைக்கு, முந்தின வருஷமே ஹானிபலுக்கு ஒரு கண் போய்விட்டது. எந்த ஸ்டார் ஒற்றைக் கண்ணோடு மூன்று மணி நேரம் நடிப்பார்? இது உறுதியாக ஹானிபல் முகம்தான் என்று சொல்ல ஒரு சிலைகூட மிச்சமில்லை. ஆகவே என் படத்தில் ஒரு புதுமுகம். விஷயம் முடிந்தது.

எனக்கு அக்கறை எதிர்முகாமில். ரோமானியப் படைக்கு இரண்டு கான்சல்கள். ஒருவர் பவுலஸ், பெரிய குடும்பம், நிதானஸ்தர், களத்திலேயே செத்தார். ‘கிளாடியேட்டர்’ படத்தில் மார்க்கஸ் அரேலியஸாக வந்த ரிச்சர்ட் ஹாரிஸ் போதும், கண்ணாலேயே முடித்துவிடுவார். இன்னொருவர் வாரோ. கசாப்புக் கடைக்காரர் மகன் என்கிறார் லிவி. அவசரக்குடுக்கை, வாய்ச்சவடால், எல்லா நாசத்துக்கும் காரணம், கடைசியில் சுமார் எழுபது குதிரைவீரர்களோடு தப்பியோடியவர். இரண்டாயிரம் வருஷமாக வில்லன்.

என் ஹீரோ அவர்தான்.

சினிமாக்கார நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “தோத்துட்டு ஓடினவனா? எவன் சார் டிக்கெட் வாங்குவான்?” என்றார்.

நான் பி.காம். படித்தவன். நஷ்டக் கணக்கு ஒன்றைக் கையில் கொடுத்தால் முதலில் பார்ப்பது கீழே கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் யார், அவருக்குச் சோறு போடுவது யார் என்பதைத்தான். கன்னே கணக்கை எழுதியவர்களில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் ஆள் பாலிபியஸ். கிரேக்கர். கி.மு. 167-ல் பிணைக்கைதியாக ரோமுக்கு வந்தவர். அவரை அரவணைத்த குடும்பம் எது தெரியுமோ? பவுலஸின் குடும்பம்! பவுலஸின் பேரன் சிபியோ எமிலியானஸுக்கு அவர்தான் ஆசான், நண்பர் எல்லாம். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ‘உங்க தாத்தா சொதப்பிட்டாருங்க’ என்று எழுத முடியுமா?

பாலிபியஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்தைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவே. வாரோ அத்தனை மோசமான ஆள் என்றால், கன்னேக்குப் பிறகும் வருஷக்கணக்கில் படைப் பொறுப்பு கொடுத்தார்களே, எப்படி? கி.மு. 200-ல் ஆப்பிரிக்காவுக்குத் தூதராகவே அனுப்பினார்கள்.

அவரைத் திட்டித் தீர்த்த லிவியே ஒரு காட்சியையும் விட்டுவைத்திருக்கிறார். அடிவாங்கிய வாரோ ரோமுக்குத் திரும்புகிறார். வீட்டுக்கு வீடு சாவு. கல்லெறி விழும் என்று நினைப்போம். சகல தரப்பு ஜனங்களும் ஊருக்கு வெளியே வந்து எதிர்கொண்டு, நம் குடியரசின் மேல் நம்பிக்கை இழக்காமல் இருந்தாயே என்று நன்றி சொல்கிறார்கள். கார்த்தேஜ் தளபதியாக இருந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள் என்று லிவியே ஒப்புக்கொள்கிறார்.

இந்த ஒரு குளோசப்புக்காகத்தான் எனக்கு பாப் ஹாஸ்கின்ஸ் வேண்டும். 2014-ல் காலமான அந்தக் குள்ளமான, கட்டுமஸ்தான பிரிட்டிஷ் நடிகரைத் தெரியும்தானே? கத்தி பிடித்துப் பழகினவர் மாதிரி கைகள். வசனமே வேண்டாம். கூட்டம் தன்னைத் திட்டப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு வருகிறவர், நன்றி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டும். கேமரா நகரவே கூடாது.

பாலிபியஸுக்கு மட்டும் இன்னும் ஆள் அகப்படவில்லை. ஒரே சீன். மேஜையில் அத்திப்பழம், ஒயின். எதிரே பவுலஸின் பேரன். கையில் எழுதுகோல். யாராவது தோன்றினால் சொல்லுங்கள்.