புள்ளிகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க



தவணைப் பரீட்சைப் புள்ளிகளை நாங்கள் இப்போது ஈமெயிலிலும் அனுப்புகிறோம். கட்டார், சவூதி என்று தூரத்தில் இருக்கும் வாப்பாமாருக்கும் பிள்ளையின் நிலை நேராகத் தெரியட்டும் என்றுதான். எக்செல் தாளில் ஒரு மெக்ரோ இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் வகுப்பு முழுவதற்கும் அவுட்லுக் வழியாகக் கடிதம் போகும்.

தாளில் பாடத்துக்கு ஒரு வரி இருக்கும். அப்படியே விட்டால் போய்ச் சேரும்போது எல்லாம் ஒரே வரியாகிவிடும்: “தமிழ் 72 கணிதம் 41 விஞ்ஞானம் 58 இஸ்லாம் 80”. போனின் சின்னத் திரையில் இது எங்காவது மடிந்து, “72 கணிதம்” என்று நிற்கும். வேலை முடிந்து களைப்போடு பார்க்கும் வாப்பா சந்தோஷப்பட்டுப் படுத்துவிடுவார். கணிதத்தில் உதவி தேவைப்பட்ட பிள்ளை அப்படியே இருந்துவிடும்.

காரணம் சின்னது. எக்செல் பெட்டிக்குள் ஓல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் புது வரியை, கணினி 10 என்ற இலக்கமுடைய கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக வைத்திருக்கிறது. மெக்ரோ கடிதத்தை ‘எச்டிஎம்எல்பாடி’யில் வைத்தால் அங்கே இணையப் பக்கத்தின் சட்டம்தான். அந்தச் சட்டத்தில் 10 வெறும் இடைவெளி. வரி உடைய வேண்டுமென்றால், கூர் அடைப்புக்குள் ‘பிஆர்’ என்று போட வேண்டும்.

எனவே அனுப்பும் முன் ‘ரிப்ளேஸ்’ கட்டளையால் 10ஐ அந்தக் குறியாக மாற்றச் சொல்லுங்கள். வேறு இடத்திலிருந்து ஒட்டிய எழுத்தில் 13உம் 10உம் சோடியாக இருக்கலாம். டெலிபிரின்டர் காலத்துப் பழக்கம் அது: 13 அச்சை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவரும், 10 தாளை ஒரு வரி தள்ளும். முதலில் சோடியை மாற்றுங்கள், பிறகு தனி 10ஐ. இல்லாவிட்டால் சோடியில் 13 மட்டும் மிஞ்சி நிற்கும்.

கடிதம் வெறும் ‘பாடி’யில் போகிறதென்றால் ‘பிஆர்’ வேண்டாம். அங்கே ‘விபிசிஆர்எல்எஃப்’ போடுங்கள். அதுதான் அந்தச் சோடி.

இன்னொன்று. முதலில் ‘சென்ட்’ போடாமல் ‘டிஸ்பிளே’ போட்டு ஒரு கடிதத்தைத் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் போனுக்கே ஒன்று அனுப்பி வாசியுங்கள். பெற்றார் பார்ப்பது அந்தத் திரையில்தான்.

மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இந்த மெக்ரோ தேவையென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் தருகிறோம். பெற்றாரே, புள்ளிகள் ஒட்டி வந்தால் ஊகித்து வாசிக்காதீர்கள். வகுப்பாசிரியருக்கு ஒரு கோல் எடுங்கள்.